இடிக்குக் கழற்றிய பிளக்

கமெரா நின்றுபோனால் சனம் முதலில் கமெராவைத்தான் திட்டும். மலிவுச் சாமான் என்பார்கள், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். கமெரா பாவம், சேர். அது சொன்னதைச் செய்யும். பிழை பெரும்பாலும் சுவரில் இருக்கிற பிளக்கில்தான் இருக்கும்.

நீங்கள் கேட்பது கஜானி வீட்டுக் கமெராவைப் பற்றி. கஜானி என் ஒரே தங்கச்சி. சொல்கிறேன், குறுக்கே கேட்காதீர்கள். குறுக்கே கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இந்த வகைக் கமெராக்கள் இன்டர்நெட் வழியாகத் தாங்களாகவே புதிய மென்பொருளை இறக்கிப் பதிந்துகொள்ளும். அப்டேட் என்போம். பதிகிற நேரத்தில் கரன்ட் போகக் கூடாது. போனால் பாதியில் நின்றுவிடும். பிறகு பிளக்கைத் திரும்பக் கொழுவினாலும் எழும்பாது, சிவப்பு லைட் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். நான் போய் மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றி, பின்பக்கத்துப் பட்டனை அமர்த்திப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

ஐப்பசியில் களுவாஞ்சிக்குடியில் பின்னேரமானால் இடி. வாவிப் பக்கம் கறுத்து முதல் முழக்கம் கேட்டதும் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பிளக்குகள் சுவரிலிருந்து கழலும். ரீவி, பிரிட்ஜ், றவுட்டர், ஒன்றும் மிஞ்சாது. கஜானி சின்ன வயதிலிருந்தே இடிக்குப் பயந்தவள். கமெராவையும் சேர்த்துக் கழற்றிவிடுவாள்.

அந்தக் கமெராவைப் போடச் சொன்னது அவளுடைய புருஷன் சிவதர்ஷன். கட்டாரில் வேலை. அங்கேயிருந்து போனில் வீட்டு ஹோலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அந்த வீட்டைப் பார்க்கப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது? நான் கட்டிய வீடு அது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், உங்களுக்கும் தெரியும். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் கட்டிக் கொடுக்க வேண்டும். சிவதர்ஷன் இன்று நிற்கிற அதே கட்டாரில் என் இளமை முழுவதும் வெயிலில் போனது. ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் மேசனை நம்பாமல் ஹோல் டைல்ஸை நானே முழங்காலில் இருந்து பதித்தேன். கலியாணம் முடிந்த அன்று என் உடுப்புப் பையோடு வெளியே வந்தேன். பிறகு எனக்கும் ஒரு கலியாணம். வாவிக்கு அங்கால் மண்டூரில், பெண் வீட்டில் இருக்கிறேன். அங்கே ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மாமியிடம் கேட்க வேண்டும். என் கமெராக் கடை மட்டும் களுவாஞ்சிக்குடியில்.

கமெரா பூட்டப் போன அன்று சிவதர்ஷன் லீவில் நின்றான். நான் ஏணியோடு உள்ளே போக, கையைக் காட்டி மறித்தான்.

"ஏணிய உள்ளுக்குக் கொண்டு வராதங்க மச்சான். டைல்ஸ் கீறும்."

ஏணியை வெளியே சாத்தினேன். கதிரையை வாங்கி அதில் ஏறிப் பூட்டிவிட்டு வந்தேன்.

முதல் தடவை கமெரா நின்றது தற்செயல். அதை நீங்கள் நம்பலாம். அன்று இடி விடியப்புறமே வந்தது, அப்டேட் பாதியில் கஜானி பிளக்கைக் கழற்றிவிட்டாள். நான் போய் எழுப்பினேன். சிவதர்ஷன் போன் எடுத்து, கமெராவில் என்ன பிழை என்று கேட்டான். கமெராவில் பிழையில்லை என்றேன். அது உண்மை. அப்போ ஏன் நின்றது என்றான். பிளக்கைக் கழற்றியிருக்கிறார்கள் என்றேன். அதுவும் உண்மை. யார் வந்துபோவதை மறைக்கக் கழற்றினாள் என்று கேட்டான். அந்தக் கேள்வியில்தான் எனக்கு யோசனை வந்தது.

அப்டேட்டுக்குக் கம்பனி வைத்த நேரம் விடியப்புறம். நான் அதைப் பின்னேரத்துக்கு மாற்றினேன். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினேன். பழையது இருந்தால் அடுத்த நாளும் அப்டேட் வரும். வருகிற நேரம் வானம் முழங்கும், கஜானி பிளக்கைக் கழற்றுவாள், நான் போகும்வரை அவன் போனில் ஹோல் இருட்டாகக் கிடக்கும். சில நாள் வேலை அதிகமென்று மறுநாள்தான் போவேன். வேறு ஒன்றும் நான் செய்யவில்லை. மீதியைச் சிவதர்ஷனுடைய தலை செய்தது.

"இடி எண்டுறாள் மச்சான். ஒவ்வொரு நாளுமா இடி இடிக்கும்? மெய்யா சொல்லுங்க, அங்க மழையா?"

அன்று நான் மண்டூரில் நின்றேன். வாவிக்கு அங்கால் மழை பெய்தால் இங்கால் வெயில் எறிக்கும், அது புதினமில்லை. நான் வாயால் பதில் சொல்லவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நல்ல நீலம். நான் கடையில் நிற்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். நினைப்பதற்கு நான் பொறுப்பில்லை.

என் கணக்கு என்னவென்றால், அவன் அவளை விட்டுவிடுவான். தனியாக இருக்கிற தங்கச்சிக்குத் துணையாக அண்ணன் வந்திருப்பதை ஊர் குறை சொல்லாது. பின் அறையில் வாவிக் காற்று வரும். அந்த ஜன்னலை எனக்கென்றுதான் வைத்தேன்.

போன கிழமை அவன் போன் எடுத்தான். குரல் தணிந்திருந்தது. "நான் நாளைக்கு வாறன் மச்சான். அவளுக்குச் சொல்லாதங்க. மறுகா நான் பாத்துக்கிறன்" என்றான். ஏசுகிறவனின் குரலில்லை அது. அந்தக் குரல் எதற்கு என்று எனக்கு விளங்கியது. நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இனி நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் வந்து இறங்கிய அன்று காலையில் ஏன் பற்றரி பூட்டினாய் என்று கேட்டீர்கள். கமெராவுக்கும் றவுட்டருக்கும் ஒரு சின்னப் பற்றரி வைத்தால் பிளக்கைக் கழற்றினாலும் நிற்காது. முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. புதிய மென்பொருளையும் அன்றுதான் ஒழுங்காக ஏற்றினேன். கஜானி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள்.

"இனி நிக்காதா அண்ணே? அவர்ட ஏச்சுக் கேட்டு எனக்கு ஒண்ணாமக் கிடக்கு."

"இனி நிக்காதுகா."

சந்தோஷப்பட்டாள். ஏணியை ஹோலுக்குள்ளேயே வைத்து ஏறச் சொன்னாள். கீறினால் கீறட்டும், உன்ட வீடுதானே என்றாள். அதை அவள் கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

பின்னேரம் கடையில் இருந்து போனில் பார்த்தேன். முழக்கம் கேட்டு அவள் பிளக்குகளைக் கழற்றினாள். வாசலில் வேன் வந்து நின்றது. அவனைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடினாள். அவன் கேட்டான், அவள் வெளியே வானத்தைக் கைகாட்டினாள். அவன் பார்க்கவில்லை. நான் கழற்றி வைத்துவிட்டு வந்த பழைய கமெராத் தாங்கி, இரும்பு, மேசையில் கிடந்தது. அதை எடுத்தான்.

அந்தக் கமெராவில் பேசுகிற பட்டனும் உண்டு. போனில் அமர்த்தினால் என் குரல் ஹோலில் கேட்கும். வீடும் கூப்பிடு தூரம்தான். அவள் கமெராவை அண்ணாந்து பார்த்து, அண்ணே என்று கூப்பிட்டாள். விரல் பட்டனுக்கு மேலே இருந்தது. நான் அமர்த்தவில்லை. இப்படியும் முடிந்தால் வீடு முழுவதாக வரும் என்று நினைத்தேன். அம்மா அப்பா இல்லை, அவளுக்குப் பிள்ளையும் இல்லை, அவன் ஜெயிலுக்குப் போவான். படம் ஒரு தடவையும் நிற்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். ஒரு விஷயம் மட்டும், சேர். வீட்டைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். இரத்தம் நாள்பட்டால் டைல்ஸ் இடுக்கில் ஊறிவிடும், பிறகு என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாவியைக் கொஞ்ச நேரம் தந்தால் நான் போய்க் கழுவிவிட்டு வருவேன். தங்கச்சியின் வீட்டை அண்ணன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?