டென்ட் போட ஒரு எடம்

...அட, அந்த போனை மொதல்ல உள்ள வைங்க தம்பி! அதுக்கு ஆறும் தெரியாது, ஆத்தங்கரையும் தெரியாது. நீலமா ஒரு கோடு காட்டும், பக்கத்துல ஒரு கூடாரப் படம் போட்டு, அஞ்சு நட்சத்திரம் ஒட்டி, "ரிவர்சைடு"ன்னு எழுதும். எழுதறவன் எங்க உக்காந்துகிட்டு எழுதறான்? காவேரியில அவன் கட்டைவெரலையாவது நனைச்சிருப்பானா? அதை நம்பி, வூட்டையே வண்டியாக்கி, பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டு, பென்னாகரம் தாண்டி இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. வந்து இந்த நாலு ரோட்டு முக்குல நின்னுகிட்டு, "எந்தப் பக்கம் போறதுங்க"ன்னு என்னைக் கேட்டீங்க பாருங்க, இன்னிக்கி நீங்க பண்ண ஒரே புத்தியான காரியம் அதான்.

உக்காருங்க. மணி மூணுதான் ஆவுது. ஏ மாது, தம்பிக்கு ஒரு டீ போடு, சக்கரை கம்மியா... வேணாங்களா? சரி, அப்போ அதை எனக்குப் போடு.

வண்டிக்குள்ளயே படுக்கையா? அடுப்புமா? கக்கூசுமா! அடேயப்பா... எங்க ஊரு பள்ளிக்கோடத்துல பொட்டப் புள்ளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்ட நாங்க ஆறு வருசம் போராடனம் தம்பி. நீங்க அதைச் சக்கரம் வச்சு இழுத்துக்கிட்டு வர்றீங்க. குத்தம் சொல்லலைங்க. வரலாத்தைச் சொல்றன்.

நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. சென்னப்பன். எட்டாங்கிளாஸ் பெயில். மீதிப் படிப்பெல்லாம் போராட்ட நோட்டீஸ்ல படிச்சதுதான். நாலு பக்க நோட்டீஸ்ல ஒலகத்தையே மடிச்சு வச்சிருப்பாங்க அப்போ. இப்போ நோட்டீஸ்னா பல் டாக்டருக்கும் பிரியாணிக் கடைக்கும்தான். ஒருக்கா தக்காளி வெலைக்கு மறியல் பண்ணி பதினோரு நாள் உள்ள இருந்தன். பக்கத்துல படுத்திருந்தவன் ஆட்டுத் திருடன். அவனுக்கு ரெண்டாம் நாளே ஜாமீன் கெடைச்சிருச்சு...

என்ன, வூட்டம்மா ஹாரன் அடிக்கறாங்களா? சொல்றன், சொல்றன். பாப்பாவுக்கு அந்தக் கொய்யாவ வாங்கிக் குடுங்க, அது பாட்டுக்கு கடிச்சிக்கிட்டு இருக்கும்.

இங்க மூணு எடம் இருக்குதுங்க. ரெண்டு தொறந்திருக்குது, ஒண்ணு பூட்டியிருக்குது. தொறந்திருக்கற ரெண்டுலயும் மனுசன் தங்கக் கூடாது. தங்கக்கூடிய எடத்தைப் பூட்டி வச்சிருக்கறாங்க. அதுக்குப் பேருதான் நிர்வாகம்.

இடது கைப் பக்கம் போனா பெங்களூர்காரன் எடம். ஆர்ச்சு வச்சிருப்பான், கலர் பல்பு தொங்கும். வாசல்லயே "ஊட்டா ஆய்த்தா சார்"னு, சாப்பிட்டாச்சான்னு கன்னடத்துல கேப்பான், கேட்டுட்டு சோத்துக்குத் தனியா சீட்டுக் கிழிப்பான். தரையெல்லாம் பிளாஸ்டிக் புல்லு தம்பி! காவேரிக்கரையில, இருக்கற புல்லைச் செதுக்கிப்புட்டு, பிளாஸ்டிக்ல ஒரு புல்லை விரிச்சு வச்சிருக்கறான் மகராசன். மாடு ஒண்ணு அதைத் தின்னுட்டு நாலு நாள் அசை போட்டுச்சு. சாயங்காலமானா பாட்டு. எதிர்க்கரை கர்நாடகாவுல இருக்கறவனுக்கும் சேத்துப் போடறான். அது கூடப் போவுது, டென்ட்டு எங்க போடறான் தெரியுங்களா? மணல்மேல. தண்ணிக்கும் டென்ட்டுக்கும் பத்து தப்படி. காலு நீட்டுனா காவேரின்னு போட்டோ எடுக்கறதுக்கு நல்லா இருக்கும்ல? மேல மழை பேஞ்சு அணையத் தொறந்து வுட்டான்னா, அந்த மணல் இருக்கற எடமே தெரியாது. போன ஆடியில அஞ்சு டென்ட்டு போச்சு. ஆளுங்க சாப்பிடப் போயிருந்ததால பொழைச்சாங்க. செருப்பு, பையி, ஒரு கிட்டாரு, எல்லாம் மேட்டூருக்கு மொதல்ல போயிச் சேந்துருச்சு. நீங்க அந்தப் பக்கம் போறதுன்னா மணல்ல மட்டும் எறங்காதீங்க. யாரு என்ன சொன்னாலும் எறங்காதீங்க.

நேரா போனா அர்ச்சுனன் தோப்பு. பெரிய பண்ணைக்காரரு, அவங்க தாத்தா காலத்து மாந்தோப்பு, நெழலு நல்லா இருக்குது, நான் ஏன் பொய் சொல்லணும்? போர்டுல "ஆத்தங்கரைத் தோப்பு"ன்னு எழுதியிருப்பாரு. ஆறு எங்கடான்னா, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி! காலையில டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போயி ஆத்தைக் காட்டிட்டு, திரும்பக் கொண்டாந்து எறக்கி வுடறாரு. திருப்பதியில கூட அதவிட அதிக நேரம் நின்னு சாமி பாக்கலாம். வர்றவங்களும், "ஆகா, என்ன காத்து"ங்கறாங்க. அது போர் மோட்டார் ரூம்ல இருந்து வர்ற காத்து. இதையெல்லாம் யாரு கேக்கறது? நான்தான் கேட்டன். "என்னங்க அர்ச்சுனன், ஆத்தங்கரைன்னா கரையில ஆறு இருக்க வேணாமா"ன்னன். "ஒரு காலத்துல இங்க ஓடியிருக்கும்ல சென்னப்பா"ங்கறாரு! வச்சுக்கிட்டா அவரு மாதிரி, சிரிக்காம பொய் சொல்ற ஒரு மூஞ்சிய வச்சுக்கணும்.

இப்போ வலது கைப் பக்கம். அதான் தம்பி எடம்! மேட்டு கேம்ப்புன்னு சொல்லுவாங்க. ஆத்துல இருந்து முப்பது அடி ஒசரத்துல, சமமா ஒரு பாறை மேடு. எந்த வெள்ளத்துலயும் அது மேல ஒரு சொட்டு ஏறினதில்ல. கீழ ஆறு வளைஞ்சு போறது மொத்தமும் தெரியும். சுத்தியும் புங்கமரம். அஞ்சு பொம்பளைங்க சேந்து, குழுவுல கடன் எடுத்து, ரெண்டு வருசம் நடத்துனாங்க. செல்லி, குள்ளம்மாள், சகாயமேரி, இன்னொருத்தங்க பரிசல் ஓட்டற முனியப்பன் சம்சாரம், அப்பறம் மணிமேகலை. மணிமேகலை என் பொண்ணுங்க. கணக்கு, போன், வர்றவங்களுக்குப் பதில் சொல்றது எல்லாம் அவதான். கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளு, அது வேலையும் செய்யும். உங்க மாதிரி வண்டி நிக்க சிமெண்ட் போட்டு, சார்ஜுக்கு பிளக்கு வச்சு... களியும் கெண்டை மீன் கொழம்பும் சாப்பிட்டுட்டு ஒரு ஜெர்மன்காரன் அழுதான். காரத்துல அழுதான்னு பெங்களூர்காரன் சொல்லுவான், அவனை நம்பாதீங்க.

அதை மூணு மாசத்துக்கு முன்னால சீல் வச்சுட்டானுங்க. கயிறு கட்டி, தகரத்துல "அத்துமீறி நுழையாதே"ன்னு எழுதி மாட்டியிருக்கறானுங்க. அஞ்சு பொம்பளைங்க பொழப்பு அந்தக் கயித்துக்கு அந்தப் பக்கம் கெடக்குது. செல்லி இப்போ செங்கச் சூளைக்குப் போறா. சகாயமேரி திருப்பூருக்கே போயிட்டா.

எதுக்கா? எவனோ ஒருத்தன் மனு போட்டான். ஆத்துப் புறம்போக்கை ஆக்கிரமிச்சிருக்கறாங்கன்னு. இருக்கறானுங்கல்ல தம்பி, ஊருக்கு ஒருத்தன், கையில பேனா கெடைச்சா போதும்னு... யாருன்னு இப்போ எதுக்குங்க? வுடுங்க. முட்டாப்பய, அவ்ளோதான்.

விசயத்துக்கு வர்றன். திங்கக்கெழம சப்-கலெக்டர் விசாரணை வச்சிருக்கறாரு. கடைசி விசாரணை. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாச்சு, குழுவுக்கே குத்தகைக்கு வுடலாம்னு. ஆனா அந்த அதிகாரி என்ன கேக்கறாருன்னா, "இந்த எடத்துல வெளியூர்க்காரங்க வந்து தங்கறாங்களா, பாதுகாப்பா இருக்குதா, தங்க வந்தவங்க யாராவது கைப்பட எழுதிக் குடுத்தா பாக்கலாம்"ங்கறாரு. பொம்பளைங்க போன்ல இருக்கற நட்சத்திரத்தையெல்லாம் கொண்டு போயி காட்டுனாங்க. அங்க இருக்கற கிளார்க்கு, "இதுல கையெழுத்து எங்கம்மா"ங்கறான். நானூறு பேரு நட்சத்திரம் போட்டிருக்கறான், ஒருத்தன் கையெழுத்து இல்ல! இன்னிக்கி சனிக்கெழம. நான் வெள்ளிக்கெழம காலையில இருந்து இந்தக் கடையிலதான் உக்காந்திருக்கறன். நேத்து ரெண்டு காரு வந்துச்சு. கண்ணாடியைக் கூட எறக்கல. நீங்கதான் எறங்கி நின்னு கேட்டீங்க.

இந்தாங்க, நோட்டீஸ் நகல். நான் சொல்றது உண்மையா பொய்யான்னு நீங்களே பாத்துக்கங்க. மேல பாருங்க, சர்வே நம்பரு, ஏக்கரா, சீல் வச்ச தேதி... அது போதும். திருப்ப வேணாம். பின்னால ஒண்ணும் இல்லைங்க, எல்லாம் ஆபீஸ் எழுத்து...

...

ஆமா. மனுதாரர் சென்னப்பன்னுதான் போட்டிருக்குது. இந்தப் பக்கம் சென்னப்பன்னு பத்து பேரு இருக்கறாங்க தம்பி.

என்ன அப்பிடிப் பாக்கறீங்க? மாது, நீ எதுக்கு சிரிக்கற? வடைய திருப்பிப் போடு, கருகுது.

சரி. நான்தான். போதுங்களா?

பெங்களூர்காரன் ஆத்துக்குப் போற தடத்துல கம்பி வேலி போட்டான். மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியல, பரிசல்காரங்களத் தொரத்தறான். சும்மா இருக்கச் சொல்றீங்களா? அவன் இருக்கறது புறம்போக்குன்னு எனக்கு சத்தியமா தெரியும். தெரியும்னா... அப்பிடித்தான் எல்லாரும் சொன்னாங்க. மணிமேகலை சொன்னா, "அப்பா, எழுதறதுக்கு முன்னால சர்வே நம்பரை ஒருக்கா பாத்துக்கப்பா, வி.ஏ.ஓ ஆபீஸ்ல அஞ்சு நிமிசம்தான்"னு. எனக்கு வந்துச்சே கோவம்! "ஏம்மா, நாப்பது வருசமா நம்பர் பாத்தா போராடனன்? ஆபீஸ்காரனைக் கேட்டுட்டா நியாயம் கேக்கணும்"னு கத்துனன். தனியாளு பேரை மனுவுல எழுதறது நம்ம வழக்கம் இல்ல, அது கொள்கை. அதனால என்ன எழுதுனன்? "ஆற்றுப் புறம்போக்கில் உள்ள டென்ட்டுகள் யாவற்றையும் உடனே அகற்று, தவறினால் மாபெரும் மறியல்"னு எழுதுனன். அறுவத்திரெண்டு கையெழுத்து வாங்கனன். அப்பன் கேக்கறானேன்னு மணிமேகலையும் வாங்கிப் போட்டா. மொத கையெழுத்தே அவளுதுதான்.

நாப்பது வருசமா திங்கக்கெழம திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல வரிசையில நின்னு மனு குடுத்திருக்கறன். ரோடு கேட்டன், வரல. பாலம் கேட்டன், வரல. இந்த ஒண்ணு மட்டும் பதினெட்டே நாள்ல நடந்துச்சு தம்பி! தாசில்தார் ஜீப்பு வருதுன்னதும், நான் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு, கோஷம் போட்டுக்கிட்டு, ஜீப்புக்கு முன்னால நடந்தன். பின்னால முப்பது பேரு. தோ, இதே நாலு ரோட்டு முக்குல இடது கைப் பக்கம் திரும்பி, "வெற்றி! மக்கள் போராட்டம் வெற்றி!"ன்னு கத்திக்கிட்டுப் போறன். பின்னால சத்தமே காணம். திரும்பிப் பாத்தா, ஜீப்பு வலது கைப் பக்கம் போவுது.

சங்கிலி புடிச்சு அளந்தானுங்க. பெங்களூர்காரன் நெலம் பட்டா. கல்லு மாதிரி பட்டா. பாறை மேடுதான் புறம்போக்கு.

எங்க ஊர்ல எத்தன அடி வாங்கியிருப்பன், போலீசுகிட்ட, கட்சிக்காரன்கிட்ட... அன்னிக்கி மணிமேகலை சட்டிபானைய எடுத்து வெளிய வச்சுக்கிட்டிருந்தா. நான் தூக்கப் போனன். "நீங்க தொட வேணாங்க"ன்னா. என் பொண்ணு என்னை, யாரோ ஆபீசரைச் சொல்ற மாதிரி, "ங்க" போட்டுப் பேசனது அன்னிக்கித்தான் தம்பி. அப்பறம் அதுவும் இல்ல.

அந்தப் பெங்களூர்காரன் எனக்கு சால்வை அனுப்புனான் பாருங்க! "போட்டி ஒழிஞ்சது, நன்றி பெரியவரே"ன்னு. அந்தத் திமிருக்கு அவனை...

வண்டிய எடுக்கறீங்களா? இருங்க, இருங்க. நான் உங்களை ஏமாத்தப் பாத்தன், ஒத்துக்கறன். ஆனா மேடு பொய் இல்ல. பத்து நிமிசம்தான். கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க, ஆறு தெரியும், தண்ணி எட்டாதுன்னு உங்களுக்கே புரியும். பாத்ததை மட்டும் நாலு வரி எழுதிக் குடுங்க. "பொதுமக்கள் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் போக்கை வன்மையாக..." வேணாம், வேணாம், அதெல்லாம் எழுதாதீங்க, நான் எழுதன மாதிரியே தெரிஞ்சிரும். புள்ளகுட்டியோட தங்க வந்தன், எடம் நல்லா இருக்குது, பூட்டிக் கெடக்குதுன்னு எழுதுங்க. உங்க எழுத்துல எழுதுங்க. இங்கிலீசுல எழுதனாலும் சரிதான், அவரு அதைத்தான் மரியாதையாப் படிப்பாரு.

ராத்திரி எங்க தங்கறதா? மேட்டடியில மொத வூடு மணிமேகலை வூடு. வூட்டு முன்னால சிமெண்ட் களம் இருக்குது, உங்க வண்டி சமமா நிக்கும். டென்ட்டும் போடலாம். இல்லைங்க, அது பட்டா நெலம். இந்தத் தடவை போயி நம்பர் பாத்துட்டன். ரெண்டு தடவை பாத்தன்.

நான் வரலைங்க. நீங்க போங்க. எழுதன காகிதத்தை அவ கையிலயே குடுத்துருங்க. என்கிட்ட குடுத்தீங்கன்னா அவ வாங்க மாட்டா. யாரு சொல்லி வந்தீங்கன்னு கேப்பா, கண்டிப்பா கேப்பா. ரோட்ல கேட்டன், யாரோ சொன்னாங்கன்னு சொல்லுங்க.

ஆளு எப்பிடி இருந்தாருன்னு கேட்டா... சரியாப் பாக்கலைன்னு சொல்லிருங்க தம்பி.