மொழிபெயர்க்க வந்த ஆண்ட்ரூஸ்

"ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, கேக்குது. ஒரு நிமிஷம் இருங்க... சின்னப்பாப்பாக்கா, அந்த மெஷினை நிறுத்துக்கா, இங்கிலாந்துலேர்ந்து போனு... ம், இப்ப சொல்லுங்க ஆண்ட்ரூஸ் சார்."

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி, உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் கொட்டகை அது. மெஷின் நின்றதும் வெளியே காற்று வீசுவது கேட்டது. சகாயசெல்வி வாசலில் கிடந்த மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சாயங்காலம் நாலரை மணி. இந்தப் போனுக்காக அவள் மூன்று வாரமாகக் காத்திருந்தாள்.

"ஆமா, நானேதான்... குரல் அப்படியே இருக்குதா? ஆறு வருஷம் ஆச்சே... நல்லாத்தான் இருக்கேன்... என்னது? சார்னு கூப்பிடக் கூடாதா? வேற எப்படிக் கூப்பிடுறது, நீங்களே சொல்லுங்க... அய்யே, என்னங்கன்னு கூப்பிட்டதெல்லாம் அப்போ. கோவில்ல மூணு வாரமும் கல்யாண ஓலை படிச்சு முடிச்சிருந்தாங்க, கூப்பிட்டேன்."

 அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

பெரிய முதலியார்சாவடி ஊர்க்காரனான ஆண்ட்ரூஸ், இங்கிலாந்தில் மார்விச் என்ற சின்ன ஊரில் முதியோர் இல்லத்து வேலைக்குப் போனவன். அவளோடு நிச்சயம் முடிந்த கையோடு, அங்கே எல்லாருக்கும் ஃபுட்பால் பைத்தியம், நீ வந்து ஊமை மாதிரி உட்காரக் கூடாது, எங்கள் ஊர் டீமைப் பற்றித் தெரிந்துகொள் என்று அவளிடம் சொன்னான். அவள் தெரிந்துகொண்டாள். மார்விச் டவுன் நாலாம் டிவிஷனில் தட்டுத்தடுமாறும் டீம். அதன் ஆட்டங்கள் டிவியில் வராது. போனில் ரேடியோ வர்ணனை மட்டும்தான். மார்விச்சும் ஒரு காலத்தில் உப்பு எடுத்த ஊர் என்று தெரிந்த அன்று அவளுக்கு அந்த டீம் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டானாம். பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் அவளுடைய அப்பா மறுபடி ஏறி இறங்கினார். எல்லாவற்றையும் தலைமுழுகு என்றார்கள். மாப்பிள்ளையைத் தலைமுழுகினாள், டீமை விடவில்லை. அவன் ஊர் டீமை அவனைவிட அதிகம் தெரிந்தவளாகிக் காட்டுகிறேன் என்ற ஆத்திரத்தில்தான் முதலில் கேட்டாள். இரண்டு வருடம் போவதற்குள், மார்விச் தோற்ற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது என்ற நிலைமை வந்துவிட்டது.

"ம்... விஷயத்துக்கு வாங்க. நீங்க எங்க நிக்கிறீங்க?... ரசிகர் மன்ற ஹால்லயா? கூட்டமா?... சரி சரி. மைக்குல குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட தனியா பேசணும்னு போன் பண்ணீங்களா?... ம், பேசுங்க."

இந்த வருடத்தின் சிறந்த வெளிநாட்டு ரசிகர் என்று அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைய மதிய ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் விழா. மன்றத்தின் இணையப் பக்கத்தில் அவள் வாரம் தவறாமல் படம் போடுவாள், ஒரு இதயப் பொம்மை போடுவாள், அவ்வளவுதான். விருதுச் செய்தி வந்த அன்று அதே பக்கத்தில் ஆண்ட்ரூஸ் எழுதியிருந்தான்: 'இவள் எங்கள் வீட்டில் வேலை செய்தவள். ஆங்கிலம் தெரியாது. ஃபுட்பால் என்றால் என்னவென்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.' அதைப் படித்த மன்றச் செயலாளர் திருமதி ஹோல்டன், அப்படியானால் நீங்களே மொழிபெயர்த்துவிடுங்கள் என்று அவனைக் கேட்டுக்கொண்டார். சகாயசெல்வி எல்லாவற்றையும் படித்தாள். ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை.

"ரெண்டு வார்த்தை போதுமா? நன்றின்னு மட்டும்... சரி... மத்ததை நீங்க பாத்துக்குவீங்களா? ஆமா, ஆமா, எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே... ம்... நிச்சயத்தைப் பத்திப் பேசக் கூடாதா? ஏன் சார்?... ஓ. உங்க மிசஸ் வந்திருக்காங்களா? முன் வரிசையிலயா?... அழுவாதீங்க சார், ஆம்பள... இல்ல, அவங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. அவங்க யாருக்கு என்ன பண்ணாங்க?... சரி, மைக்குல போடுங்க. கூப்பிடுறாங்க பாருங்க."

போனுக்குள் திடீரென்று ஒரு பெரிய இரைச்சல் எழுந்து அடங்கியது. முந்நூறு பேராவது இருப்பார்கள்.  சின்னப்பாப்பா வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சகாயசெல்வி. மரக்காணத்துலேர்ந்து பேசுறேன்... ம், சொல்லிட்டீங்களா? இன்னும் இருக்குது சார். இந்த டீம் பேரை என்கிட்ட முதல்ல சொன்னவரு, இப்ப உங்க முன்னாடி மைக்கு புடிச்சிட்டு நிக்கிறாரே, அவருதான். அவருக்கும் எனக்கும் நிச்சயம் ஆச்சு. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் முன்னாடி வேணாம்னு போன்ல சொல்லிட்டாரு. நான் அவரு வீட்டு வாசப்படியை மிதிச்சதே இல்ல... ம், சொல்லுங்க. சொல்லுங்க சார், காத்திருக்காங்க இல்ல?"

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். ஹாலில் கைதட்டல் எழுந்தது.

"கை தட்டுறாங்க... எதுக்கு சார் தட்டுறாங்க? நான் சொன்னதுக்கா?... என் முதலாளி குடும்பத்துக்கு நன்றின்னு நான் எப்போ சொன்னேன்?"

பதில் வருவதற்குள் அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். பத்தாம் வகுப்போடு நின்றவள் அவள். இந்த ஆங்கிலத்தை எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஆறு வருடம் காதோடு வைத்துக் கேட்ட மார்விச் ரேடியோக்காரரின் பேச்சு அது. அதே இழுவை, அதே அழுத்தம். சின்னப்பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருமதி ஹோல்டன், செல்வி பேசுகிறேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொல்கிறார்... ஆமாம், எனக்கு ஆங்கிலம் தெரியும். உங்கள் ஊர் ஆங்கிலம் மட்டும்தான் தெரியும்... நன்றி, சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் நான் அவர் வீட்டு வேலைக்காரி இல்லை. அவரை மணக்க இருந்தவள். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் முன்பு கைவிடப்பட்டவள். இதைத்தான் நான் தமிழில் சொன்னேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது.

"எனக்கு ஃபுட்பால் கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறாரே, அவரிடம் ஒன்று கேளுங்கள். போன பிப்ரவரி மாதம், கொட்டுகிற மழையில், எண்பத்தொன்பதாம் நிமிடம் நம்மைக் காப்பாற்றிய கோலைப் போட்டது யார்?... கேளுங்கள், நான் காத்திருக்கிறேன்... தெரியவில்லையா? ஹாலைக் கேட்போமா?"

முந்நூறு குரல்கள் ஒரே பெயரைச் சொல்லிக் கத்தின. அவளும் இங்கிருந்து கத்தினாள். உப்புப் பாத்தி வரப்பில் நடந்துகொண்டிருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருடத்தில் அந்தப் பெயரை இன்னொருவரோடு சேர்ந்து சொன்னது அதுதான் முதல் தடவை.   அவளுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது.

"என்ன சொன்னீர்கள், திருமதி ஹோல்டன்?... வேண்டாம். அவரை வெளியே அனுப்பாதீர்கள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. மைக்கை அவரிடமே கொடுங்கள்."

அவள் எழுந்து நின்றாள். மறுபடி தமிழுக்கு வந்தாள். இந்தத் தடவை சார் இல்லை.

"ஆண்ட்ரூஸ், கேளு. 'நான் சொன்னது பொய்.' அவ்ளோதான். மூணே வார்த்தை. இதை இங்கிலீஷ்ல சொல்லு... என்கிட்ட சொல்லாத, அவங்ககிட்ட சொல்லு... முடியாதுன்னா? சரி, நானே சொல்லிடுறேன், அப்படியே அந்த வாய்ஸ் மெசேஜையும் போட்டுக் காட்டறேன். இன்னும் என் போன்ல இருக்குது. எங்கப்பா பேரைச் சொல்லி நீ என்ன கேவலமாப் பேசினேன்னு உனக்கு ஞாபகம் இருக்குது இல்ல?... ம். அப்போ சொல்லு... கேக்கல... இன்னும் சத்தமா. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

கேட்டது. அவன் குரல் மைக்கில் உடைந்து, ஹாலின் சுவர்களில் மோதி, கடல் தாண்டி வந்தது. யாரும் கைதட்டவில்லை. ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம் வேகமாகக் கதவுப் பக்கம் போனது.

சகாயசெல்விக்கு அந்தச் செருப்புச் சத்தம் மட்டும் சுருக்கென்று தைத்தது. மற்றபடி, ஆறு வருடமாகப் பல்லில் சிக்கிக்கிடந்தது வெளியே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ம், இப்ப கேட்டுச்சு... என்ன?... இல்ல, மன்னிப்பெல்லாம் வேணாம், நான் கேக்கல... அதை எங்கப்பாகிட்ட போய்க் கேளு... ஆண்ட்ரூஸ், போதும். முதல்ல உன் பொண்டாட்டி பின்னாடி ஓடு... இல்லப்பா, எனக்கு நேரமில்ல. டீம் வெளிய வருது, விசில் ஊதப் போறாங்க. நான் ஆட்டம் கேக்கணும். வைக்கிறேன்."