துப்பாக்கிக் கேள்விக்கு வாய்தா கேட்டவர்

வழக்குக் கட்டுகளின் வழித்துணையே, வாய்தா வாங்குவதில் வல்லவரே, வக்கீல் ஐயாவின் வலக்கையே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவரே, இன்று ஓய்வு பெறும் அபுல் ஹசன் பாய் அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் நேருக்கு நேர் புகழ்ந்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே மீதியை இந்த அவையைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் காதில் விழாததுபோல் உட்கார்ந்திருங்கள்.

அவையோரே, மஞ்சக்குப்பத்தில் வக்கீல் சபாபதி ஐயாவிடம் ஹசன் பாய் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சி. சாட்சிக்குக் காய்ச்சலா, கட்சிக்காரருக்குத் துக்கமா, வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலையா, பாய் ஒரு மனுவை நீட்டினால் எந்த ஜட்ஜும் இன்னொரு தேதி கொடுத்துவிடுவார். ஐயா பாராளுமன்ற உறுப்பினரான பிறகும் பாய் மாறவில்லை. லோக்சபை என்பது டெல்லியில் இருக்கும் ஒரு பெரிய கோர்ட், சபாநாயகர்தான் அங்கே ஜட்ஜ் என்பது அவர் எண்ணம். சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் எல்லோரையும் அலைய வைத்தது அந்த எண்ணம்தான்.

நம் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கிகளைக் கடலுக்கு அப்பால் உள்ள ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கு விற்கப்போவதாகப் பத்திரிகையில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அந்த நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். பரங்கிப்பேட்டைப் பிள்ளைகள் பலர் இன்னும் அங்கே கடை நடத்துகிறார்கள். பாயின் மருமகன் ரஃபியுதீனும் அவர்களில் ஒருவர். முந்தின வருஷம் அங்கே கலவரம் மூண்டு நம்மவர் கடைகள் எரிந்தபோது, வந்த சிப்பாய்கள் தீ வைத்தவர்களை விட்டுவிட்டு நம்மவர்களைத்தான் விரட்டினார்கள்.

செய்தியைப் படித்துக் காட்டிய பாயிடம் மகள் ஜொஹரா பீவி கேட்டாள்: "வாப்பா, நம்ம துப்பாக்கிய வாங்கி அவுங்க யாரச் சுடப் போறாங்க? விக்கிறவுங்க அதக் கேட்டாங்களா?"

பாய் பத்திரிகையை மடித்து வைத்தார். மறுநாள் அதையே ஐயாவிடம் சொன்னார், மகள் பேச்சை எடுக்காமல், "ஊரு ஜனங்க கேக்குறாங்க" என்று. சொந்த வீட்டு விஷயத்தை ஆபீசுக்குள் கொண்டுவருவது கட்சிக்காரர் காசில் டீ குடிப்பது மாதிரி என்று நினைப்பவர் அவர். ஐயா அதைக் கேள்வியாக்கி டெல்லிக்கு அனுப்பினார். வியாழக்கிழமை சபையில் மந்திரி எழுந்து பதில் சொல்வார் என்று தகவலும் வந்தது.

அந்த வாரம்தான் ஐயா மஞ்சள் காமாலையோடு சிதம்பரம் வீட்டில் படுத்துவிட்டார். படியிறங்கக் கூடாது என்றார் டாக்டர். பாய் கொஞ்சமும் கலங்கவில்லை. நேரே தபாலாபீசுக்குப் போய், உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை, கேள்வியை வேறு தேதிக்குத் தள்ளி வைக்கவும் என்று டெல்லிக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார்.

"வாய்தா கேட்டாச்சும்மா. இனிமே கவலயில்ல" என்று டைப்பிஸ்ட் மலர்க்கொடியிடம் சொன்னார்.

மறுநாள் பதில் தந்தி வந்தது. கேள்வியைத் தள்ளி வைக்க முடியாது. உறுப்பினர் வராவிட்டால் பதிலை எழுத்தில் சபையின் மேஜைமீது வைத்துவிடுவார்கள்.

பாய் அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நாங்கள் பார்த்ததில்லை.

"எழுத்துல வந்தா போதாதா பாய்?" என்றாள் மலர்க்கொடி.

"எழுத்துல என்னம்மா வரும்? விஷயம் பரிசீலனையில இருக்குன்னு ஒரு வரி வரும். எழுந்து நின்னு குறுக்கு விசாரண பண்ண ஆளில்லன்னா கேஸ் அதோட முடிஞ்சிது. அப்புறம் சரக்கு கப்பல் ஏறிடும்."

ஒரே ஒரு வழி இருந்தது. ஐயா கையெழுத்துப் போட்டு அதிகாரம் கொடுத்தால் வேறொரு உறுப்பினர் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் டெல்லியில்; தந்தியில் கையெழுத்துப் போகாது. மகள் கல்யாணத்துக்காகத் திட்டக்குடி வந்திருந்த பக்கத்துத் தொகுதி உறுப்பினர் தங்கராசு மட்டும் அன்று மாலை விருத்தாசலத்தில் ரயிலேறப் போகிறார் என்று தெரிந்தது. தங்கராசுவோ எதிர்க் கட்சி. அது போதாதென்று, ஒரு நில வழக்கில் ஐயா அவரைக் கூண்டில் ஏற்றி ஊரே சிரிக்கும்படி ஆக்கியிருந்தார்.

"அவன்கிட்டயா? நான் செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன்யா" என்று ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எத்தனையோ வருஷமாக ஐயாவுக்கு முன்னால் உட்காராத பாய், அன்று கட்டிலோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊரு ஜனங்க கேட்டாங்கன்னு சொன்னது பொய்யிங்க ஐயா. எம் மவ கேட்டா. மருமவன் அங்கதான் இருக்காரு. அந்தத் துப்பாக்கிக்கு முன்னால நிக்கப்போறது அவருதான்."

ஐயா இந்தப் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டி, "பேனாவக் குடுங்க" என்றார். அதுவரை அவர் பாயைப் பன்மையில் பேசியதில்லை.

பாயோடு மாமன் மச்சான் முறை கொண்டாடும் டிரைவர் அந்தோணிசாமி காரை எடுத்தார். மழை விட்டபாடில்லை. சேத்தியாத்தோப்பில் சாலைமேல் தண்ணீர்.

"இன்ஜினுக்குள்ள தண்ணி பூந்துடும் மாமா. நின்னு பாத்துப் போவோமே."

"நின்னா ரயிலு போயிடும்டா மச்சான். ஓட்டு. நின்னுதுன்னா எறங்கித் தள்றேன்."

நின்றது. இறங்கித் தள்ளினார். இடுப்பளவு நனைந்த வேட்டியோடு, ஐயா கையெழுத்திட்ட கடிதத்தைத் தொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, விருத்தாசலம் பிளாட்பாரத்தில் தங்கராசுவின் முன்னால் போய் நின்றார்.

தங்கராசு படித்தார். சிரித்தார். "உங்க வக்கீலு அன்னிக்கிக் கோர்ட்டுல கேட்ட கேள்விக்கு நான் மூணு நாளு சோறு திங்கல, தெரியுமா பாய்? அந்த ஆளுக்கு நான் போயி வேல செய்யணுமா?"

"அவுருக்குச் செய்ய வேணாங்க. அன்னிக்கி அவுரு உங்களக் கேட்ட மாதிரி நீங்க மந்திரியக் கேளுங்க. அவுரும் மூணு நாளு சோறு திங்கக் கூடாது."

ரயில் ஊதியது. தங்கராசு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். "எத்தினி கேள்வி?"

"ஒண்ணுதாங்க. எம் மவ கேட்டது."

வியாழக்கிழமை பாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் தங்கராசுவின் டிரங்க்கால் வந்தது. மந்திரி முதலில் மழுப்பியிருக்கிறார். இவர் விடாமல் எழுந்து எழுந்து அதையே கேட்டிருக்கிறார். கடைசியில், அந்த ஆயுதங்களை நம் மக்கள்மீது பயன்படுத்துவதில்லை என்று வாங்கும் நாட்டிடம் எழுதி வாங்கிச் சபைமுன் வைப்பதாகவும், அதுவரை அனுப்புவதில்லை என்றும் மந்திரி வாக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் கைதட்டினோம். பாய் மட்டும் கேட்டார்: "எப்ப வைப்பேன்னு தேதி சொன்னாரா?"

தேதி சொல்லவில்லை. மந்திரிகள் சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அங்கே ஒரு குழு இருக்கிறது. அரசாங்கம் அந்தக் குழுவிடம் அவகாசம் கேட்கிறது, முடிந்ததும் மறுபடி கேட்கிறது. வாழ்நாளெல்லாம் வாய்தா வாங்கிய மனிதர், ஐயாவிடம் சொல்லி ஒவ்வொரு வாய்தாவுக்கும் எதிர்ப்பு எழுத வைக்கிறார்.

"வாய்தா கேக்குறவன் மனசு எனக்குத் தெரியும்டா. எதிராளி எப்ப அசருவான்னு பாத்துக்கிட்டே இருப்பான்" என்பார்.

இதுவரை சரக்கு கப்பல் ஏறவில்லை. ரஃபியுதீனிடமிருந்து கடிதம் தவறாமல் வருகிறது. அடுத்தது வரும்வரை எங்களுக்கும் தூக்கம் சரியாக வருவதில்லை.

பாய் அவர்களே, இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம். இன்று காலை மேஜையைத் துடைத்துவிட்டுப் புறப்பட்ட நீங்கள், வாசல்வரை போய்த் திரும்பி வந்து மலர்க்கொடியிடம் சொன்னீர்கள்: "இப்ப கேட்டிருக்கிற அவகாசம் தையோட முடியுதும்மா. அசந்துடாத."

அசர மாட்டோம். ஓய்வு உங்களுக்குத்தான், அந்தக் கேள்விக்கு இல்லை. ஐயா படுத்தால் தங்கராசுவிடம் போவோம், கார் நின்றால் தள்ளிக்கொண்டு போவோம். நீங்கள் உடல் நலத்தோடும் மன நலத்தோடும் இருந்து, ஜொஹராவின் கேள்விக்குப் பதில் வரும் நாளைக் காண வேண்டும். பதில் தாமதமானால் அந்த அளவுக்கு உங்கள் ஆயுளும் நீள வேண்டும். உங்களுக்காக ஆண்டவனிடம் நாங்கள் கேட்கும் வாய்தா இது ஒன்றுதான்.

இங்ஙனம்,
மலர்க்கொடி, அந்தோணிசாமி, கண்ணாயிரம்
மற்றும் வக்கீல் சபாபதி அலுவலக ஊழியர்கள்
மஞ்சக்குப்பம், கடலூர்
டிசம்பர் 1965