நாலுக்கு ஒன்று தப்பு

ராவிரி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் முட்டை சீக்கிரம் தீர ஆரம்பித்தது. காலையில் ஆறு முட்டை தின்பான். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். அவனைத் தங்கவைப்பதற்கு ஹெரன்ஸ் ரக்பி கிளப் வாராவாரம் பணம் கொடுத்தது, முட்டைக்கு அது தாராளமாகப் போதும். நானும் ஒன்றும் சொன்னதில்லை மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையில் ஏதோ நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

நான் வந்தது கெர்ரி அக்காவுக்காக. எங்கள் பதினேழு வயது அணிக்குக் கட்டுப் போடுவது, காயம் பார்ப்பது, யார் ஆடலாம் யார் கூடாது என்று எழுதுவது எல்லாம் அவர்தான். தலையில் அடிபட்ட பையனைச் சனிக்கிழமை ஆடவிட்டுவிட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் பெயரை உங்கள் விசாரணைக் காகிதத்திலிருந்து நீங்கள் எடுத்துவிடலாம். அவருக்கு எதுவும் தெரியாது.

ஹெரன்ஸ் கட்டடத்துக்குள் நீங்கள் போயிருப்பீர்கள். வாசலில் நீரூற்று, மாடியில் மூன்று ஓட்டல், கீழே கடிகாரமே இல்லாத ஒரு கூடம், அது நிறையச் சூதாட்ட மெஷின்கள். அந்தக் கூடம்தான் நமக்குச் சோறு போடுகிறது என்று கோச் ட்ராய் சொல்வார். என் அப்பா கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் அங்கே போய் உட்காருவார். அவர் அங்கே விட்டதுதான் எனக்கு பூட்ஸாகத் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் கோபம் வராது.

எட்டு வயதிலிருந்து நான் ஆடியது எமு கிரீக் என்ற சின்னக் கிளப்பில். அங்கே ஒரே ஒரு குழாயில்தான் வெந்நீர் வரும். சனிக்கிழமைகளில் அம்மாக்கள் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்பார்கள், அந்தக் காசில் பந்து வாங்குவார்கள். நான் ஒன்பதாம் நம்பர். நம் ஆள் பந்தோடு கீழே விழுந்ததும் பின்னாலிருந்து குனிந்து எடுத்து, அடுத்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்பவன். பதினைந்து வயதில் ஹெரன்ஸ் என்னை எடுத்துக்கொண்டது. எமு கிரீக்குக்கு அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு பை நிறையப் பழைய பந்து.

அடுத்த வருடம் ஒன்பதாம் நம்பருக்கு ஒரே ஒரு ஒப்பந்தம். சம்பளம், பள்ளிக் கட்டணம், பெரிய அணியோடு பயிற்சி. அது எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். சர்ச்சில் பாதிரியார்கூட ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். பிறகு நவம்பரில் ட்ராய் நியூசிலாந்துக்குப் போனார். டோக்கொரோவா என்ற, மரம் அறுக்கும் மில் இருக்கிற ஊரிலிருந்து ராவிரியைக் கூட்டிவந்தார். அவனும் ஒன்பதாம் நம்பர்.

காசு இருக்கிற கிளப் பொறுமையாக வளர்த்துக்கொண்டிருக்காது மேடம். போய் வாங்கும். குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்தால் நானும் வாங்குவேன். ராவிரி என்னைவிட வேகம், என்னைவிட ஒரு கை உயரம். வெளியூர்ப் பையன்களை உள்ளூர்ப் பையன்களின் வீடுகளில் தங்கவைப்பது அவர்கள் வழக்கம். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருந்தது.

எனக்கு அவனைப் பிடிக்கும். முதல் நாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், ராத்திரி அது உன் குறட்டையா? லாரிதான் வீட்டுக்குள்ள வந்திருச்சோன்னு பயந்துட்டேன்டா."

"நீ தின்ன முட்டைக்குக் கோழிங்கல்லாம் ஒருநாள் நியாயம் கேட்டு வரும். நானே கதவைத் திறந்துவிடுவேன் பாரு."

"ஆன்ட்டி, உங்க புள்ள என்னைக் கோழிங்ககிட்டக் காட்டிக்கொடுக்கப் பாக்கறான்."

அம்மா சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு முட்டையைப் போட்டாள்.

ஜனவரியில் பேஸ்லைன் டெஸ்ட் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சீசனுக்கு முன்னால் ஒவ்வொருவனையும் கம்ப்யூட்டர் முன் உட்காரவைப்பார்கள். சொற்களைக் காட்டி மறைப்பார்கள், நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். நிறம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே டெஸ்ட். முதல் தடவையைவிட மதிப்பெண் குறைந்தால் மூன்று வாரம் வெளியே. குறையாவிட்டால் கெர்ரி அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் பையன்கள் முதல் தடவை வேண்டுமென்றே மோசமாகச் செய்வார்கள். பெரிய பையன்கள் எனக்குச் சொன்னார்கள். ராவிரிக்கு நான் சொன்னேன்.

"ரொம்ப முட்டாள் மாதிரி நடிக்காத. மெஷின் கண்டுபிடிச்சிரும். நாலுக்கு ஒன்னு தப்பாப் போடு, போதும்."

"நான் எதுக்குடா நடிக்கணும்? எங்க ஊரு வாத்தியாரைக் கேட்டுப் பாரு. நாலுக்கு ரெண்டு தப்புன்னு எழுதியே குடுப்பாரு."

அவன் நாலுக்கு ஒன்று தப்பாகப் போட்டான். நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். என் தலை எனக்கு முக்கியம். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சீசன் தொடங்கியதும் ஒன்பதாம் நம்பர் சட்டை அவனுக்குப் போனது. எனக்குப் பதினான்காம் நம்பர், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு. ட்ராய் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"மலாக்கி, நீ தங்கமான பையன்டா. பெஞ்சுல ஒரு தங்கம் இருந்தாத்தான் டீம் டீமா இருக்கும்."

நான் நன்றி சொன்னேன். அவர் நல்லதாகத்தான் சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ராவிரி என்னைப் பிடித்து வீழ்த்தக் குனிந்தான். அவன் தலை என் இடுப்பெலும்பில் மோதியது. நீங்கள் பேனாவை எடுப்பது தெரிகிறது. அது விபத்து. வீடியோவில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை நடந்தது மட்டும் விபத்து.

எழுந்தான், சிரித்தான், ஒரு விநாடி தள்ளாடினான். கெர்ரி அக்கா பார்த்துவிட்டார். மறுநாள் டெஸ்டுக்கு வரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். நான்தான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். ஜன்னலில் துண்டை மாட்டினேன். அம்மா கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"ஏன்டா ரெண்டு பேரும் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"படம் பாக்கறோம்மா."

"போனே கையில இல்ல, என்ன படம்?"

"இப்பத்தான் முடிஞ்சுது."

அம்மா ஜன்னலில் இருந்த துண்டைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ பட்டிருக்கும். ஆனால் மாலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

புதன்கிழமை டெஸ்டில் அவன் ஜனவரியைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினான். எல்லாவற்றையும் சரியாகப் போட அவ்வளவு முயற்சி செய்தானாம். அப்படியும் கிட்டத்தட்ட நாலில் ஒன்று தப்பாகப் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. கெர்ரி அக்காவுக்குத் திருப்தியில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மலாக்கி, நீதான அவன்கூட ஒரே ரூம்ல படுக்கிற. உண்மையைச் சொல்லு. வாந்தி எடுத்தானா? தலை வலிக்குதுன்னானா?"

"இல்லக்கா. நல்லாத் தூங்கினான். காலையில ஆறு முட்டை தின்னான்."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் என் பெயரை எழுதவில்லை. சின்னப் பையனை இதில் எதற்கு இழுப்பது என்று நினைத்திருப்பார். இப்போதும் உங்களிடம் என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்றால், ராவிரிதான் கெஞ்சினான். சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துத்தான் ஒப்பந்தப் பட்டியல் போடுவார்கள். மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தான். டோக்கொரோவாவில் மில்லில் பாதியை மூடிவிட்டார்கள், அவன் அம்மா ஹூயா ஆன்ட்டிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அவன் முடிவு அது. நான் ஒரு நண்பன் செய்வதைச் செய்தேன்.

அவன் வெளியே உட்கார்ந்திருந்தால் சட்டை எனக்கு வந்திருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். வந்திருக்கும், மூன்று வாரத்துக்கு. அதை நானும் யோசித்தேன். மூன்று வாரம் கழித்து அவன் திரும்பி வருவான். ட்ராய் காத்திருப்பார். வாங்கின பையனுக்காகக் காத்திருப்பார்கள்.

சனிக்கிழமை உடைமாற்றும் அறையில் ராவிரி பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்தக் கால் எது என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், 'ரயில்'னு சொன்னா இடதா வலதா?"

ரயில் என்பது எங்கள் ஆட்டத்தின் முதல் அழைப்பு. நவம்பரிலிருந்து தினமும் சொல்வது. ஒன்பதாம் நம்பர் அதை மறக்க முடியாது, தன் பெயரை மறப்பதுபோல. நான் வெள்ளை டேப்பை எடுத்து அவன் மணிக்கட்டில் சுற்றினேன். அதன்மேல் மார்க்கரால் எழுதினேன். ரயில், இடது. சர்ச், வலது. பாலம், உதை. சிறுசாக, தெளிவாக எழுதினேன். ட்ராய் அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார்.

"என்னடா இது, பரீட்சைக்கு பிட்டா?"

"நிறைய ஆளுங்க செய்யறாங்க கோச்," என்றேன் நான்.

"செய்யுங்க, செய்யுங்க," என்று போய்விட்டார். அவருக்கும் ஏதோ பட்டிருக்கும். எல்லாருக்கும் ஏதோ பட்டிருக்கிறது மேடம். நீங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

முதல் பாதி நன்றாகவே ஆடினான். இரண்டாம் பாதியில் ஒரு சாதாரண டேக்கிள். அவ்வளவு பலமான அடிகூட இல்லை. எழுந்தான், நடந்தான், எதிரணி வரிசையில் போய் நின்றுகொண்டான். அவர்கள் சிரித்தார்கள். மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு கீழே விழுந்தான்.

வீடியோவில் ஒன்று பார்த்திருப்பீர்கள், நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவன் விழும்போது நான் ஏற்கெனவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் தயாராகச் சொல்லவில்லை. இடைவேளையிலிருந்தே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். உடம்பு சூடாக இருந்தால் உள்ளே போனதும் நன்றாக ஆடலாம். நன்றாகவே ஆடினேன். நாங்கள் ஜெயித்தோம்.

மண்டையைத் திறந்துதான் வீக்கத்தைக் குறைத்தார்கள். கண் திறக்கிறான். யாரையும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹூயா ஆன்ட்டி வந்தார், எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார், அவன் கட்டிலில். நான் கூடத்தில் படுக்கிறேன். வந்த அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இங்க அவனுக்கு ஒரு கூடப்பொறந்தவன் இருந்தான்னு நெனச்சாத்தான்டா எனக்கு மூச்சு விட முடியுது."

திங்கட்கிழமை ட்ராய் போன் செய்தார். ஒப்பந்தம் எனக்கு. அன்றைக்கே நீங்களும் விசாரிக்கக் கிளப்புக்கு வந்து எல்லாரிடமும் உங்கள் கார்டைக் கொடுத்தீர்கள். நான் அதைப் பையில் வைத்திருந்தேன்.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் ராவிரியின் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஹூயா ஆன்ட்டியிடம் கொடுத்தார்கள். பூட்ஸ், சாக்ஸ், கத்தரித்து எடுத்த டேப். அவர் டேப்பை சமையல் மேஜையில் விரித்து வைத்தார். எங்கள் ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், எந்த நாள் யார் பாத்திரம் கழுவுவது என்று. அதை எழுதியது நான். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கப் டீ போட்டார். ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

"உன் கையெழுத்து அழகா இருக்கு, மலாக்கி. குண்டு குண்டா."

காலையில் அவர் குளிக்கும்போது நான் கிளம்பி வந்துவிட்டேன். கெர்ரி அக்காவை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை அந்த உடைமாற்றும் அறையில் வேறு ஏதாவது பேசினோமா என்று கேட்கிறீர்கள். ஆமாம். டேப்பைச் சுற்றும்போது அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், எனக்குப் பயமா இருக்குடா. என்னால யோசிக்க முடியல, எனக்குப் பதிலா நீ யோசி. நீ வேணாம்னு சொல்லு, நான் இப்பவே கெர்ரிக்காகிட்டப் போயிடறேன். ஆடவா, வேணாமா?"

நான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். டேப்பின் முனையைப் பல்லால் கிழித்து ஒட்டினேன்.

"ஆடு," என்றேன்.

அவ்வளவுதான் மேடம். நாளைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவும் போட வேண்டுமாம், அவர் லீவு எடுத்திருக்கிறார். அதற்குள் கெர்ரி அக்காவை மறுபடி வேலைக்குச் சேர்த்துவிடுவார்களா? சீசன் முழுக்க எனக்குக் கட்டுப் போட நல்ல ஆள் வேண்டுமே.