எட்டுப் பெட்டிக்கு நான்கு பெட்டித் தோல்

தம்பி தனசேகர், உங்கள் தண்ணீர் கேன் வண்டியைத் திருப்புவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, நான் போனில் பொய் சொல்லவில்லை. இறால் பெட்டி ஒன்று என்றேன், ஒன்றுதான் இருக்கிறது. அதன் உடம்பைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாவது, இது இன்று குளிர்ச்சி குறையாமல் சென்னை போய்ச் சேராவிட்டால், என் மருமகள் பூவிழிக்குக் கிடைத்த ஒரே கேன்டீன் ஆர்டர் கைவிட்டுப் போகும். போன முறை ஐஸ் கரைந்து, இறால் தலை கறுத்து, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வார்களாம். மூன்றாவது, நான் இப்படித்தான் பேசுவேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 'அத்தே ரேடியோவாட்டம் பேசுது'ன்னு பூவிழி கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ரேடியோவையாவது அணைக்கலாம் என்பது பச்சையம்மாவின் சேர்க்கை.

பச்சையம்மா யார் என்றா கேட்கிறீர்கள்? வருவாள். வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலில் பெட்டி.

கேன்டீன்காரர்கள் இந்த முறை இரண்டு மடங்கு இறால் கேட்டார்கள். பூவிழியின் பழைய பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறி மிதித்தாலும் அதற்குமேல் கொள்ளாது. அவள் ஏரிக்கரைக்கு இறால் பேசப் போயிருந்த நேரத்தில், வீட்டுக்கு மூத்தவள் என்ற முறையில் நானே தச்சர் அந்தோணிசாமியிடம் போனேன். இரண்டு மடங்கு சரக்கு, ஆகவே இரண்டு மடங்குப் பெட்டி. நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு. இதில் எங்கே குறை? அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, 'மூணுமேவா டீச்சர்?' என்று கேட்டார். மூன்றுமே என்றேன். ஒன்றை மட்டும் நீட்டினால் பெட்டி பாம்பு போல இருக்காதா? மறுபேச்சு இல்லாமல் செய்து கொடுத்தார். சொன்னதைச் செய்பவர்களிடம் இதுதான் தொல்லை, தம்பி, சொன்னதையே செய்துவிடுகிறார்கள்.

உள்ளே ஒட்டும் தெர்மாகோல் விஷயத்திலும் நான் கறார். பழைய பெட்டிக்கு ஆனதைப்போல் சரியாக இரண்டு மடங்கு, பொன்னேரியில் வாங்கிவந்தேன். பூவிழி வந்ததும் ஒட்டினோம். அடிப்பக்கம் முடிந்தது. ஒரு நீளப்பக்கம் முடிந்தது. ஒரு குறுக்குப்பக்கம் முடிந்தது. தெர்மாகோலும் முடிந்தது. மூடியும் மற்ற இரண்டு பக்கங்களும் அம்மணமாக நின்றன. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினேன். வகைவகையாக, ஒரு சொல்லும் திரும்ப வராமல் திட்டினேன். அத்தனையும் வீண்.

பூவிழி பழைய பெட்டியின் மூடியைக் கழற்றிப் புதிய மூடியின் மேல் வைத்தாள். வந்த அன்று மாமியார் வீட்டில் ஒதுங்கி நிற்கும் மருமகள்போல அது ஒரு மூலையில் கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம். அவற்றுக்கு அடுத்த வரிசையில் மேலும் இரண்டு வைக்கலாம். நான்கு, தம்பி. நீளமும் வளர்ந்தது, அகலமும் வளர்ந்தது. பலகை இரண்டு திசையிலும் ஓடிவிட்டது. ஆறு பக்கங்களுக்கும் அதே கதை. ஆக இந்த உடம்புக்கு நான்கு மடங்கு தோல் வேண்டும், என் கையில் இரண்டு. அதோடு விட்டாளா? பழைய பெட்டியையே தூக்கி உள்ளே இறக்கினாள். தரையில் நான்கு உட்காரும், அவற்றின் தலைமேல் நான்கு. எட்டு. இரண்டு பெட்டிச் சரக்குக்கு எட்டுப் பெட்டிக் கொட்டகை. 'அத்தே, வாடகைக்கு வுடலாம் போல'ன்னு சொன்னாள். மாமியாரிடம் பேசும் பேச்சா இது?

நேற்று ஞாயிறு, கடை பூட்டு. சரக்கோ இன்று போக வேண்டும். பூவிழி தன் பழைய பெட்டியை உடைத்து உள்தோலை உரித்தாள். மூன்று ஆயிற்று. இன்னும் ஒன்று வேண்டும். அதுமட்டுமா? முக்கால் பெட்டி வெறும் காற்றாக இருந்தால் ஐஸ் நிற்காது. நிரப்புவதற்கு இன்னும் ஆறு பெட்டிச் சரக்கு வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆள், பச்சையம்மா. எங்கள் பழைய பெட்டியின் அளவிலேயே நல்ல பெட்டி வைத்திருக்கிறாள். அவள் தலையாட்டினால் மார்க்கெட்டுக்குச் சரக்கு அனுப்பும் மற்ற ஐந்து பேரும் தலையாட்டுவார்கள்.

இப்போது கதைக்குள் வந்துவிட்டாள், பாருங்கள். பச்சையம்மா எனக்கு அடுத்த வீடு. என் வாசலில் கருவாடு காயப்போடக் கூடாது என்று ஒருநாள் முறையாக எடுத்துச் சொன்னேன். அன்றுமுதல் அவளுடைய பாய் தினமும் ஒரு சாண் என் வாசல் பக்கம் நகர்கிறது. எங்களுக்குள் பேச்சு இல்லை. அவள் ஏசுவதையும் நான் திருத்துவதையும் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பூவிழியைப் போகச் சொன்னேன். பெட்டியை மூன்று பக்கமும் வளர்த்தது நான்தானாம், நானே போய்க் கேட்க வேண்டுமாம்.

போனேன். பச்சையம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் முன்னுரையை முடிப்பதற்குள் கேட்டாள்: "எம் பொட்டிய ஒடச்சி ஒம் பொட்டிக்குச் சட்ட தெக்கிற. ஐஸு கரஞ்சிபோச்சின்னா, நாளிக்கி நான் இன்னாத்துல எட்த்துனு போறது, டீச்சரு?"

மூன்று பதில்கள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், தம்பி. மூன்றையும் விட்டுவிட்டேன். அவளுக்கும் அந்த ஒரு பெட்டிதான் பிழைப்பு. கரைந்தால் என் வீட்டு ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். 'ரெண்டு கதவு வெச்சதுதானே?' என்று கேட்டுவிட்டுப் பெட்டியை உடைக்கச் சுத்தியல் தேடினாள்.

ஆகவே கேளுங்கள். உங்கள் தண்ணீர் கேன்கள்மேல் மீன்தண்ணீர் ஒழுகும் என்கிறீர்கள். எட்டுச் சின்னப் பெட்டிகளை ஏற்றியிருந்தால் எட்டுப் பெட்டித் தோல் வழியாக வெப்பம் நுழையும். இதில் சரக்கு எட்டுப் பெட்டி, தோல் நான்கு பெட்டி. உருகுவது பாதி, ஒழுகுவதும் பாதி. உண்மையில் நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்... ஏன் தலையைச் சொறிகிறீர்கள்? விளங்கவில்லையா? தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய பெட்டி ஒன்றரை அடி நீளம்... என்ன, வேண்டாமா? ஏற்றிக்கொள்கிறீர்களா? நல்லது. பூவிழி, பச்சையம்மா, மற்ற ஐந்து பேர், ஏழு பேரும் ஆளுக்கொரு கை கொடுங்கள். மெல்ல, மெல்ல. பச்சையம்மா, முன் இருக்கையில் நீ ஏறிவிட்டால் நான் எங்கே உட்காருவது?

*

தம்பி, பின்னாலிருந்துதான் பேசுகிறேன், கேட்கிறதா? போகும்போது நீங்கள் ஹாரனிலிருந்து கையையே எடுக்காததால் பேச முடியவில்லை. திரும்பும் வழியிலாவது, முடிவானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

கேன்டீனில் மூடியைத் திறந்தபோது ஐஸ் கட்டி கட்டியாகவே இருந்தது. கையை விட்டுப் பார்த்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பூவிழிக்கு வாரந்தோறும் ஆர்டர் உறுதி.

நனைந்த கேன்கள் இரண்டு. அவற்றை நானே துடைத்துவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் என் வீட்டிலேயே இருக்கும். இதைக் கேட்டுப் பச்சையம்மாவின் முகம் வாடியதை நீங்களும் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

பெட்டி இனி ஏழு பேருக்கும் பொது. அதன் சாவி பச்சையம்மாவிடம், முன் இருக்கையும் அவளுக்கே. ஒவ்வொரு நடைக்கும் நான் கூடவே வர வேண்டுமாம். வழியில் ஐஸ் கரைந்தால் திட்டுவதற்கு ஆளைத் தேடிக்கொண்டு ஊர் திரும்ப அவளுக்கு நேரமில்லையாம்.

கடைசியாக ஒன்று. இனி எந்தப் பெட்டிக்கானாலும் அந்தோணிசாமியிடம் அளவு சொல்வது பூவிழி மட்டுமே. நான் உடன் போகலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஊரில் கிளம்பும்போதே ஏழு பேரில் ஏழு பேரும் கை தூக்கினார்கள். இதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. கேட்கிறதா? மறுபடியும் ஏன் ஹாரன் அடிக்கிறீர்கள்? சாலையில்தான் ஒருவரும் இல்லையே.