மணல் பூசிய சுவர்

"காசு குடுத்து சுவத்துல மண்ணு பூசி வெச்சிருக்காங்கக்கா."

கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள். இருவருக்கும் பெங்களூரில் வீட்டு வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"இன்னாத்துக்குடி?"

"ராஜஸ்தான் வீடு மாதிரி இருக்கணுமாம். ஒட்டக பொம்மை, பெரிய பெரிய பானை எல்லாம் வெச்சிருக்காங்க. சோபா பின்னாடி சுவரு அப்படியே நம்ம ஊரு மைன்ஸ்ல கொட்டி வெச்ச சைனைடு மண்ணு மேடு கலரு."

"சரி."

"நேத்து ஈரத்துணி எடுத்து அந்தச் சுவத்த பூரா தொடச்சிட்டேன். பாதி மண்ணு துணியோட வந்துடுச்சி."

"தொடாதேன்னு அவங்க சொல்லலியா?"

"ரெண்டு வாட்டி சொன்னாங்க."

"அப்புறம் ஏன்டி தொட்ட?"

பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது இளையவள் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மைன்ஸ் தூசி நெஞ்சிலயே நின்னுடுச்சில்ல. காத்தடிச்சா மேட்டு மண்ணு வேற உள்ள வந்துடும், இருமி இருமி துவண்டுடுவாரு. தெனம் காலையில கட்டிலோரம் சுவத்த ஈரத்துணியால தொடச்சிட்டுத்தான் அவர எழுப்புவேன்."

"அவரு போயி ஒரு வருஷமாச்சேடி."

"ஆமாக்கா. இன்னிக்கும் தொடச்சிட்டுத்தான் வர்றேன்."