ஐஸ் மிசினுக்கு எந்த வருசம்?

பாலையூற்றிலிருந்து துறைமுகப் பக்கம் போகிற பஸ். முன்சீட்டில், பழைய லப்டொப்பை மடியில் வைத்திருந்த ஐஸ் பக்டரி மெக்கானிக் சொன்னார்: "இதில இண்டையத் திகதி வந்ததாலதான் ஐஸ் நிண்டது."

பக்கத்திலிருந்த படகுக்காரர் திரும்பினார். "என்னண்ணை கதை இது? மூண்டு நாளா என்ர மீன் பழுதாப்போகுது."

"கரண்ட் போனால் ஐஸ் மிசின் எல்லாத்தையும் மறந்திடும். இந்தக் கொம்பியூட்டரைக் கொழுவித்தான் திரும்பச் சொல்லிக் குடுக்கவேணும். ஆனா இதில இருக்கிற புரோகிராமைப் பாவிக்கிற தவணை தொண்ணூற்றேழோட முடிஞ்சுது. அதால திகதியை எப்பவும் அந்த வருசத்திலயே வைச்சிருந்தனான். வீட்டில மகள் பிழையெண்டு நினைச்சுச் சரியாக்கிப்போட்டாள். இண்டைக்குக் காலமைதான் கண்டுபிடிச்சனான்."

"அப்ப இனி?"

"திரும்பத் தொண்ணூற்றேழாக்கினால் பின்னேரம் ஐஸ் வரும்."

படகுக்காரர் லப்டொப்பை எட்டிப் பார்த்தார்.

"அது சண்டைக்காலமெல்லே. வேற வருசம் வைக்க ஏலாதோ?"

"ஏலும். அதுக்கு முந்தின எந்த வருசமும் வைக்கலாம். தொண்ணூறு வைக்கட்டோ?"

"ஐயோ, வேண்டாம் அண்ணை. அந்த வருசம்தான் ஊரையே விட்டு ஓடினனாங்கள். தொண்ணூற்றேழே இருக்கட்டும்."